கழற்றிப் பூட்டத் தெரிந்தால் சைக்கிள் உங்களுடையது

மாணவர்களே, பழைய சைக்கிளின் இடது பெடலை என்றாவது கழற்றிப் பார்த்ததுண்டா? மற்றத் திருகாணிகளைப் போல இடப்பக்கமாகத் திருப்பினால் அது கழலாது, இன்னும் இறுகும். முதன்முறை முயன்றபோது, துருப்பிடித்துவிட்டது என்று நினைத்து நான் இன்னும் பலமாக முறுக்கினேன். விரல் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். இடது பெடலுக்கு மரை தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. நாம் மிதிக்கும்போது சுமை பெடல் அச்சைச் சுற்றிச் சுற்றி அழுத்துகிறது. அந்த அழுத்தம் அச்சை மெல்ல மெல்லத் திருப்பிவிடும். வழக்கமான மரையாக இருந்தால் ஓட்ட ஓட்ட இடது பெடல் தானாகக் கழன்றுவிடும்.

இந்த இயற்பியலை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு திருகுச்சாவி. அதனால்தான் இந்த வாரம் உங்களுக்கு ஒரு யோசனை. மலைச் சைக்கிள் வாங்கப் பணம் சேர்க்கிறீர்களா? முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலிவான புதுச் சைக்கிளை வாங்காதீர்கள். நல்ல நிலையிலுள்ள பழைய எஃகுப் பிரேம் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு ஹார்ட்டெயில் சைக்கிளை நீங்களே பூட்டுங்கள்.

ஹார்ட்டெயில் என்றால் என்ன? முன் சக்கரத்தைத் தாங்கும் கவட்டையில் மட்டும் அதிர்வுதாங்கி இருக்கும். பின்பக்கம் அசையாத முக்கோணம். தேய்வதற்கும் தளர்வதற்கும் பின்னால் மூட்டுகளே இல்லை. மலிவான சைக்கிளில் அந்த மூட்டுகள்தாம் முதலில் ஆடத் தொடங்கும்.

ஏன் எஃகு? எஃகின் யங் குணகம் ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70தான். அந்தக் குறையை ஈடுகட்டவே அலுமினியக் குழாய்களைப் பருமனாகச் செய்கிறார்கள். எஃகுக் குழாய் ஒல்லியாகவே இருக்கலாம். இன்னொன்று உலோகச் சோர்வு. ஓர் எல்லைக்குக் கீழே உள்ள அழுத்தத்தை எஃகு எத்தனை இலட்சம் முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சிறு அதிர்வும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். மலைச் சைக்கிள்களுக்கு ஏற்றது குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு கலந்த குரோமோலி எஃகு. விரிசல் விட்டால்கூடக் கைதேர்ந்த பற்றவைப்பாளர் அதைச் சரிசெய்ய முடியும். குழாயின் சுவர் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், அனுபவம் இல்லாதவரிடம் கொடுக்கக் கூடாது.

எஃகு கனமாயிற்றே என்பீர்கள். உண்மைதான். அலுமினியப் பிரேமைவிட ஒரு கிலோ வரை கூடலாம். ஆனால், 55 கிலோ எடையுள்ள நீங்கள் 14 கிலோ சைக்கிளில் ஏறினால் மொத்தம் 69 கிலோ. அதில் ஒரு கிலோ என்பது 1.5 விழுக்காடுகூட இல்லை. துரு பற்றிய கவலை இதைவிட நியாயமானது. நம் மழையும் கடலோர உப்புக்காற்றும் எஃகுக்குப் பகை. அதற்கும் வழி உண்டு. இருக்கைத் தண்டில் கிரீஸ் தடவுங்கள். பிரேமுக்குள் எண்ணெய் விடுங்கள். மழையில் ஓட்டிய பின் சைக்கிளைக் கவிழ்த்து உள்ளே தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டியதில்லை.

மலைச் சைக்கிள் விளையாட்டே இப்படிக் கைவேலையில்தான் பிறந்தது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் வட்டார இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைத் தாங்களே மாற்றியமைத்து மலைச்சரிவில் ஓட்டினார்கள். 1976 அக்டோபரில் அங்கே தொடங்கிய பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. இறக்கத்தில் பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிப் போகும். ஒவ்வொரு முறையும் மறுபடி கிரீஸ் நிரப்ப வேண்டும். அதனால் வந்த பெயர் அது. அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், 1977இல் குரோமோலி எஃகில் மலைச் சரிவுக்கென்றே ஒரு பிரேம் செய்தார்.

நீங்களும் பூட்டுமுன் அளந்து பாருங்கள். பின் அச்சுக்கான இடைவெளி, பெடல் அச்சுக் கூட்டின் அகலம், கவட்டைத் தண்டின் விட்டம் ஆகிய மூன்றும் பொருந்தாவிட்டால் காசு வீண். பல்சக்கரங்களையும் கணக்குப் போட்டு வாங்குங்கள். முன்னால் 32 பல், பின்னால் 16 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டு சுற்று. 26 அங்குலச் சக்கரத்தில் ஏறக்குறைய 4 மீட்டர். பின்னாலும் 32 பல் போட்டால் 2 மீட்டர்தான் நகரும். ஆனால் மேடேறப் பாதி விசை போதும். பூட்டி முடித்ததும் பிரேக்கையும் கைப்பிடியையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள். தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள்.

காப்பாரில் மலை எங்கே என்று கேட்காதீர்கள். அனுமதி பெற்றுச் செம்பனைத் தோட்டப் பாதையில் ஓட்டிப் பழகுங்கள். மட்டை முள்ளில் டயர் பஞ்சரானால் அதுவும் ஒரு பாடம். கை பழகியபின் கோலாலம்பூரின் புக்கிட் கியாராவுக்குப் போகலாம். இன்று மலைச் சைக்கிள் பாதைகள் ஓடும் அந்தக் குன்றும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான்.

தோட்டப் பாதையில் ஓட்டும்போது ஒரு செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர். எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், மருத்துவம், பிள்ளைகளின் கல்வி என்று நீண்ட அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று சைக்கிளைப் பற்றியது: துரை எதிரே வந்தாலும் இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை வேண்டும். இராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இன்று நம்மை யாரும் இறங்கச் சொல்வதில்லை. ஆனால் சங்கிலி கழன்றாலே இறங்கி, சைக்கிளை வீட்டின் பின்புறம் சாய்த்துவிட்டு மறந்துபோகிறோம். அப்படிச் சாய்ந்து கிடக்கும் ஒரு சைக்கிள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பள்ளி விடுமுறையில் அதை வெளியே எடுங்கள். இடது பெடலிலிருந்து தொடங்குங்கள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.