பிணை கேட்கும் படிப்பு

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்று பட்டத்துடன் திரும்பிய இளைஞரும் யுவதியரும் இன்று பசறையிலும் மடூல்சீமையிலும் அப்புத்தளையிலும் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் பட்டம் படிக்க விரும்புகிறார்கள். எங்கே விண்ணப்பிப்பது, பணத்துக்கு என்ன வழி என்னும் இரண்டு கேள்விகளையும் அவர்கள் ஒன்றாகவே கேட்கிறார்கள். முதற் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவது கேள்வியோ காணியுறுதியில் போய் முட்டி நிற்கிறது.

இந்தப் படிப்பு ஏன் இவர்களுக்கு வேண்டும்? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டத்துறையில் அந்த விகிதம் 31.7 சதவீதம். கணக்கெடுக்கப்படும் பிள்ளைகள் நம்முடையவர்கள். கணக்கை வகுப்பவர்களும் அதற்குப் பொருள் சொல்பவர்களும் பெரும்பாலும் வெளியார். பிள்ளை மடுவத்தில் என்ன சமைக்கிறார்கள், தாய் எத்தனை மணிக்கு மலையேறுகிறாள், லயத்தின் பின்கானில் எந்த நீர் ஓடுகிறது என்பதையெல்லாம் அறிந்த ஒருவர் கேள்விக்கொத்தைத் தயாரித்தால் அதன் கேள்விகளே வேறாக இருக்கும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அந்த மலைச்சரிவின் ஆபத்து குறித்து முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எழுதப்பட்ட எச்சரிக்கைக்கும் லயத்தில் உறங்கும் குடும்பத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க ஆள் வேண்டும். பொதுச் சுகாதாரம் என்பது மருந்தும் தடுப்பூசியும் மட்டுமன்று. இந்தத் தூரத்தைக் கடப்பதும் அதன் வேலைதான்.

வரலாற்றிலும் ஒரு பழைய கணக்கு தீர்க்கப்படாமல் கிடக்கிறது. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அதன் முதன்மை இலக்கு தோட்டத் தமிழ்த் தொழிலாளர். அதே ஆண்டில், அதே அறக்கட்டளையின் பணத்தில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி நிறுவப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1926இல், களுத்துறையில் இலங்கையின் முதற் சுகாதாரப் பிரிவு உருவானபோதும் அவ்வறக்கட்டளையின் கை அதில் இருந்தது. அந்த முறை நாடெங்கும் பரவியது. தோட்டங்களின் சுகாதாரமோ நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. இத்துறை கால்கொண்ட நாட்களில் அதன் களமாக இருந்த மக்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள், நூறாண்டு கழித்து, அதன் வகுப்பறைக்கு வெளியே நிற்கிறார்கள்.

உள்நாட்டுக் கதவு குறுகலானது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் சமுதாய மருத்துவத்தில் முதுமாணிப் பட்டம் வழங்குகிறது. அதற்கு முதலில் மருத்துவப் பட்டம் வேண்டும். அரச சேவையிலுள்ள வைத்தியருக்குச் சம்பளத்துடன் படிப்பு விடுமுறையும் உண்டு. அது நல்ல ஏற்பாடு, குறைசொல்வதற்கில்லை. ஆனால் சமூகவியலோ புள்ளிவிவரவியலோ தாதியியலோ படித்த தோட்டத்துப் பட்டதாரிக்கு அந்தக் கதவு திறக்காது. கன்னங்கரா தந்த இலவசக் கல்வி முதற்பட்டத்தோடு நின்றுவிடுகிறது. தோட்டப் பிள்ளைகளுக்கென்றே 1940களில் உருவான இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியமும் உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்குமே உதவிவருகிறது.

வெளிநாட்டுக் கதவு அகலமானது. அங்கே வாசற்காவலுக்கு நிற்பது பணம். பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டுப் பொதுச் சுகாதார முதுமாணிக்கு வெளிநாட்டு மாணவர் 25,000 பவுண் அளவில் கட்ட நேரிடும்; சிலவற்றில் அதனினும் கூடும். ஒரு பவுண் 400 ரூபா என்று கொண்டால் அது ஒரு கோடி ரூபா. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளிக்கு அறிவித்த நாட்கூலி 1,750 ரூபா. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்து, ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் பத்தொன்பது ஆண்டுகள் ஆகும். விசாவுக்கான சுகாதார மேலதிகக் கட்டணமும் இருப்பிடமும் உணவும் இதில் சேரவில்லை.

கடன் வாங்கலாமே என்பார்கள். வங்கி பிணை கேட்கும். பிணை என்றால் காணியுறுதி. இருநூறு ஆண்டுகளாக மண்ணைக் கொத்தியவர்களுள் பெரும்பாலோருக்கு அம்மண்ணில் ஒரு பேர்ச்சுக்கும் உறுதியில்லை. லயம் அவர்களுடையதன்று, நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒரு தகப்பன் வீட்டை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்புகிறான். பதுளைத் தோட்டத்துத் தகப்பனிடம் ஈடுவைக்க எதுவுமில்லை. காணியுரிமையைப் பற்றிப் பேசும்போது வீட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். அது கல்விக்கான உரிமையுங்கூட.

ஆகவே இப்பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இது. கடனிலிருந்து தொடங்காதீர்கள், முழுப் புலமைப்பரிசிலிலிருந்து தொடங்குங்கள். செவனிங் புலமைப்பரிசில் கல்விக் கட்டணம், மாதப்படி, விமானச் செலவு எல்லாவற்றையும் ஏற்கிறது. அது கேட்பது 2,800 மணி நேர வேலை அனுபவமும், படித்து முடித்தபின் இரண்டாண்டு நாட்டில் இருப்பதும். பட்டம் பெற்றதும் சுகாதாரம் சார்ந்த ஏதேனும் ஒரு வேலையில் சேருங்கள்; சம்பளம் சிறிதானாலும் அந்த அனுபவம் விண்ணப்பத்தில் பேசும். பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் ஆகியவற்றையும் பாருங்கள். இலண்டன் பள்ளியின் பொதுச் சுகாதாரப் படிப்பைத் தொலைக்கல்வி வழியாக, வேலையை விடாமல் பல ஆண்டுகளில் முடிக்கவும் வழியுண்டு. திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் 1997 முதல் இப்படிப்பை நடத்துகிறது. டாக்காவில் பிராக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராண்ட் பள்ளி இருக்கிறது. நம்மைப் போன்ற நாடுகளின் நோய்களை நம்மைப் போன்ற நாட்டில் படிப்பது குறைவான கல்வியன்று. முகவரிடம் மட்டும் முதலிற் போகாதீர்கள். பல முகவர்களுக்குத் தரகு தருவது பல்கலைக்கழகம். புலமைப்பரிசிலில் அவர்களுக்கு ஆதாயமில்லை.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு சொல். ஒரு மாணவரின் முழுப் படிப்புக்கும் பணம் தரும்படி கேட்கவில்லை. புலமைப்பரிசில் கைக்கு வருமுன் ஆகும் செலவுதான் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது: ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ்ப் பிரதிகள், கொழும்புப் பயணம். இவற்றை ஏற்கும் சிறு நிதி ஒன்றை ஒரு ஊர்ச்சங்கத்தால் நடத்த முடியும். பணத்தினும் அரியது இன்னொன்று: அத்துறையில் படித்த ஒருவர் விண்ணப்பக் கட்டுரையை வாசித்துத் திருத்திக் கொடுப்பது. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அது தகப்பனிடமே கிடைக்கிறது.

போனவர்கள் திரும்புவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. 2022இன் நெருக்கடிக்குப் பின் நாடே வெளியேறத் துடித்ததைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் ஒப்பந்தத்தாளால் ஒருவரைத் திருப்பி அழைத்துவர இயலாது; பதவியால் இயலும். சுகாதாரம் மாகாணத்துக்கும் பகிரப்பட்ட துறை. ஊவா மாகாணத்தில், தோட்டச் சுகாதாரத்துக்கென, வைத்தியரல்லாத பொதுச் சுகாதாரப் பட்டதாரிகளுக்குத் தமிழில் பணியாற்றும் சில பதவிகளையேனும் உருவாக்கட்டும். அந்தப் பதவிகள் இல்லாதவரை, திரும்பவில்லை என்று அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.