முதிர்ந்த குதிரைக்கும் காப்பீடு வேண்டும்

சிமெண்ட் ஆலையால் பிரசித்தி பெற்ற ஆலத்தியூரைச் சுற்றிய கிராமங்களில், உயிருள்ள குதிரையோ மாடோ வைத்திருக்கும் குடியானவன்தான் அதன் வயதை எண்ணிக் கலங்க வேண்டியிருக்கிறது. ஐயனாரின் மண்குதிரைகளுக்கு அக்கவலை இல்லை. தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் குதிரை, கோவேறு கழுதை முதலியனவும் இடம்பெறுகின்றன என்பதும், பயனாளி செலுத்தும் பிரீமியப் பங்கை 15 சதவீதமாகக் குறைக்க 2024-இல் மத்திய அரசு முடிவு செய்தது என்பதும் சந்தோஷமே. ஆனால், கறவைப் பசுவுக்குப் பெரும்பாலும் 10 வயதோடு காப்பீட்டுக் கம்பெனிகள் கதவடைக்கும் வழக்கம், அபாயம் மிகும் பருவத்தில் ஆதரவை விலக்கிக்கொள்வதாகும். சந்தை மதிப்பே காப்புத்தொகைக்கு ஆதாரமாதலால், முதிய பிராணிக்குரிய ஈடு சொற்பமே. ஆகவே, பிரீமிய விகிதத்தைச் சற்றே உயர்த்தியேனும், வயதைக் காட்டிலும் கால்நடை மருத்துவர் சான்றளிக்கும் தேகஸ்திதியையே பிரதானமாகக் கொண்டு, கம்பெனிகள் அவ்வரம்பைத் தளர்த்துவதே நியாயம்.