அகல டயரும் அரைவேக்காட்டு ஆசையும்

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. காரணம், கார். நியூ ஜெர்சியில் ஒரு பழைய டொயோட்டா 86 வாங்கி, சம்பளத்துல பாதியை அதுக்கே அழுதுக்கிட்டிருக்கேன் :-)

2012-ல் இந்த மாடல் வந்ததில் இருந்தே டொயோட்டா போட்டுக் கொடுத்தது 215/45 ஆர்17. ப்ரியஸ்லயும் போட்ட அதே மிச்செலின் ப்ரைமசி. ஸ்போர்ட்ஸ் காருக்கு இதுவான்னு நானும் சிரிச்சேன். உடனே 245/40 ஆர்17 சம்மர் டயர். 7 அங்குல ரிம்முக்கு 245 ஆகாதுன்னு புதுசா 8 அங்குல ரிம் வேற. விட்டக் கணக்கு பக்காவா பார்த்தேன்: பழசு 625 மி.மீ., புதுசு 628. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பொட்டி தட்டுறவனுக்கு இது போதாதா!

பார்க்காம விட்டது தெர்மாமீட்டர். நவம்பர் காலை, 3 டிகிரி, ஹைவேயில இருந்து இறங்குற வளைவு. பின்பக்கம் சட்டுனு வழுக்கி, தடுப்புக் கம்பிக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு. பக்கத்துல தங்கமணி. வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

சம்மர் டயர் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழ விறைச்சுப் போகும். அப்புறம் 245 என்ன, 305 என்ன? அதைவிட முக்கியம், டொயோட்டாக்காரன் குறுகல் டயர் போட்டது கஞ்சத்தனம் இல்லை. குறைஞ்ச வேகத்துலயே வழுக்க ஆரம்பிக்கும், ஓட்டுறவனுக்கு உணர்ந்து திருப்ப நேரம் கிடைக்கும். அகல டயர் கடைசி வரை பிடிச்சு, விடும்போது மொத்தமா விட்டுடும். ரேஸ் டிராக்குல அது சரி. ஆபீஸுக்குப் போற எனக்கு எதுக்கு?

இப்ப பழைய ரிம்முலயே 215 ஆல் சீசன். அந்த நாலு 245-ம் கராஜ்ல தூங்குது. செடி வைக்கலாமான்னு தங்கமணி கேக்குறாங்க.