முதலில் முகங்களைக் காட்டுங்கள்

யூதப் படுகொலை என்றாலே நம் கண்முன் வருவது பிணக்குவியல்தான். அவர்கள் வாழ்ந்த படங்களை நாம் தேடுவதில்லை.

வாஷிங்டனில் உள்ள படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில், மூன்று மாடி உயரத்துக்குச் சுவரெங்கும் முகங்கள். இன்றைய லித்துவேனியாவில் உள்ள எய்ஷிஷோக் என்ற சிற்றூரின் யூதக் குடும்பப் படங்கள் அவை, ஏறத்தாழ 1,000. கல்யாணம், பள்ளிக்கூடம், கூட்டாளிகள், கைக்குழந்தை. 1941 செப்டம்பரில் நாஜிகளும் உள்ளூர்க் கையாட்களும் அந்த மக்களை இரண்டே நாளில் சுட்டுத் தீர்த்தார்கள். தப்பிய சிறுமி யாஃபா எலியாக் பின்னாளில் வரலாற்றுப் பேராசிரியரானார். உறவினர் வீடுகளைத் தேடித் தேடிப் படங்களைத் திரட்டினார். அயல்நாட்டுச் சொந்தங்களுக்கு முன்பே அனுப்பி வைத்ததால்தான் பல படங்கள் பிழைத்தன.

பிணத்தைப் பார்த்தால் இரக்கம் வரும். பறிபோனது என்னவென்று கல்யாணப் படத்தைப் பார்த்தால்தான் புரியும். வகுப்பில் ஆசிரியர்கள் இவற்றையே முதலில் காட்ட வேண்டும் என்கிறோம்.