அவையில் எழும் சொல்

பேச்சுப் போட்டி என்றதும் நம் பள்ளிகளில் நடப்பது யாவரும் அறிந்ததே. ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தருகின்றனர். மாணவர் மனப்பாடம் செய்கிறார். மேடையேறி அடுக்குமொழிகளை மூச்சுவிடாமல் ஒப்புவித்து இறங்குகிறார். நடுவில் ஒரு சொல் மறந்துபோனால் முழுப்பேச்சும் நின்றுவிடுகிறது. ஏனெனில், அது அவருடைய பேச்சன்று. அறிஞர் அண்ணாவைப் பின்பற்றுவதாகக் கருதுவோர் பலரும் அவருடைய ஓசையை எடுத்துக்கொண்டு வாதத்தை விட்டுவிட்டனர். பேச்சாற்றலை வளர்க்க விரும்புவோர் முதலில் கைவிட வேண்டியது இந்த ஒப்புவித்தலையே என்பேன்.

சென்னைக்குத் தெற்கே, சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் இடையே, இராஜீவ் காந்தி சாலையில் உள்ளது நாவலூர். (நாவலர்கள் வாழ்ந்த ஊரோ என எண்ண வேண்டா, நாவல் மரத்தை நினைவூட்டும் பெயர் அது.) ஒருபுறம் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், மறுபுறம் பழைய ஊர்த்தெருக்கள். இத்தகைய ஊரில் இளைஞர்க்குப் பேச்சாற்றல் இரண்டு இடங்களில் தேவைப்படுகிறது. ஒன்று, நேர்காணல் அறை. அதற்கான பயிற்சிக்குப் பஞ்சமில்லை. மற்றொன்று, கிராம சபை. அதற்குப் பயிற்சி தருவோரைக் காண்பது அரிது.

தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் எவரும் எழுந்து வரவு செலவைக் கேட்கலாம். குறையைத் தீர்மானமாக்கக் கோரலாம். ஆனால், பேசக் கூசுவோரின் குறை தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதில்லை. இரண்டு தெருக்களில் ஒரே பழுது இருந்தாலும், பேசத் தெரிந்தவர் வாழும் தெருவின் விளக்கே முதலில் எரியும். இதனை நான் அநீதி என்றே கருதுகிறேன்.

எளிய மக்கள் முன் தமிழில் பேசிய பேச்சு எதைச் சாதிக்கும் என்பதற்குத் தூத்துக்குடி சான்று. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் அங்குள்ள கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பொதுக்கூட்டங்களில் அவர்களிடம் பேசினர். படித்தவர் அரங்குகளில் ஆங்கிலம் ஓங்கியிருந்த காலம் அது. இவர்களோ தொழிலாளர் தாமே பட்டு உணர்ந்திருந்த கூலியையும் வேலை நேரத்தையும் அவர்களுடைய மொழியிலேயே பேசினர். சில நாள்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்து அரசு செய்தது என்ன? மார்ச் மாதத்திலேயே இருவரையும் கைது செய்தது. சிவாவின் மேடைப்பேச்சு அரசத்துரோகம் ஆயிற்று. அதற்குத் துணைநின்றதும் வ.உ.சி. மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் திருநெல்வேலி நீதிமன்றம் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. பின்னரே அது குறைக்கப்பட்டது. பேச்சின் வலிமையை அன்றைய ஆட்சியாளர் நம்மைவிட நன்கு அறிந்திருந்தனர் போலும்!

கேட்போர்க்குத் தேவையானதை, தாம் அறிந்த அளவில், அவர்களுக்கு விளங்கும் மொழியில் கூறியதே அப்பேச்சின் வலிமை. வாயில் கூழாங்கற்களை இட்டுப் பழகிய கிரேக்கப் பேச்சாளர் தெமோசுதனீசின் கதையை நமக்கு ஓயாமல் கூறுவர். கற்கள் இருக்கட்டும், பொருள் எங்கே? வள்ளுவரும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், அவையறிதல், அவையஞ்சாமை என மேலும் இரண்டை அடுத்தடுத்து வைத்தார். அவையை அறிதல் முன்னும் அஞ்சாமை பின்னுமாக நிற்பது கருதத்தக்கது.

ஆகவே மாணவர்களே, உங்கள் தெருவின் ஒரு குறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். எத்தனை வீடுகள், எத்தனை நாள்கள், யாரிடம் முறையிட்டனர் என்பனவற்றை நேரில் சென்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டா. முதல் வாக்கியமும் கோரிக்கையும் மட்டும் உறுதியாக இருக்கட்டும். இரண்டு நிமிடத்திற்குள் உரக்கப் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆயினும், எங்கே விரைகிறீர்கள், எந்தச் சொல்லை விழுங்குகிறீர்கள் என்பதை அது காட்டிவிடும். பின்னர் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பேசிக் காட்டுங்கள். அவர் இடைமறித்துக் கேட்கும் கேள்வியே அவையிலும் எழும். கை நடுங்கினால் நடுங்கட்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் நடுக்கத்தை எவரும் பொருட்படுத்தார்.

பதினெட்டு வயது நிறையும்வரை கிராம சபையில் உங்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும், பெற்றோருடன் சென்று, யார் பேசுகிறார், யார் பேசாமல் திரும்புகிறார் என்று கவனித்து வரலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தண்ணீர் லாரியை எதிர்பார்த்திருக்கும் தெருவில் வாழ்வோர், அன்று பேசுவதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.