சொந்தத் துயரமும் கலையின் தகுதியும்

சொந்தத் துயரை ஆற்றிக்கொள்வதற்காகப் படைக்கப்படுவது கலையாகாது, அது தனிவாழ்வின் பதிவு மட்டுமே என்ற வாதம், காரணத்தையும் விளைவையும் ஒன்றெனக் குழப்புவதால் எழுவதாகும். ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கொல்விட்ஸின் படைப்புகளின் முன் அது நிற்காது. அவருடைய இளைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியப் போர்முனையில் உயிரிழந்தார். ஆனால், இறந்த குழந்தையை இறுகத் தழுவிய தாயைக் காட்டும் அவரது அச்சோவியம், அதாவது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரிக்கச்செய்து தாளில் பதித்தெடுக்கும் படைப்பு, 1903-லேயே உருவாகிவிட்டது. அதற்கு மாதிரியாக இருந்தவர்கள் அவரும், அப்போது சிறுவனாயிருந்த அதே பீட்டரும்தான். ஆகவே, இழப்பே அவரைக் கலைஞராக்கியது என்பது காலவரிசைக்கே ஒவ்வாது.

மகன் இறந்த சில மாதங்களுக்குள் திட்டமிடப்பட்ட நினைவுச்சிற்பம் 1932-இல்தான் நிறைவுற்றது. முதலில் எண்ணியிருந்த இறந்த மகனின் உருவத்தை இடையில் கைவிட்ட கொல்விட்ஸ், மண்டியிட்ட பெற்றோரை மட்டும் தனித்தனிப் பீடங்களில் அமைத்தார்: தந்தை தன் கைகளால் தன்னையே இறுக்கிக்கொண்டு நிமிர்ந்திருக்க, தாய் முன்குனிந்திருக்கிறார். முகங்களில் கொல்விட்ஸ், அவர் கணவர் கார்ல் ஆகியோரின் சாயல் உள்ளது என்பதால், சொந்தக் காரணம் மறைக்கப்படவும் இல்லை. ஆறுதல் ஒன்றே நோக்கமெனில், மகனின் உருவத்தைத் துறக்க வேண்டிய தேவை என்ன? அவ்வுருவம் நீக்கப்பட்டதால்தான், இன்று விளாட்ஸ்லோ போர்க் கல்லறையில் உள்ள அச்சிற்பம், அங்கே புதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் பெற்றோருக்கும் உரியதாகிறது. கலைஞர் ஏன் படைத்தார் என்பதைக் கொண்டு படைப்பைத் தள்ளுபடி செய்வோர், அவர் எதை வைத்தார், எதை விலக்கினார் என்பதை முதலில் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.