மறுதொடக்கம் மருந்தன்று

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை எனத் தள்ளப்பட்ட கணினிகள் இந்திய வீடுகளிலும் ஆய்வகங்களிலும் ஏராளம். அவற்றில் லினக்ஸை நிறுவி வாழவைப்பது சிக்கனமும் அறிவுடைமையும் ஆகும். ஆனால் நிறுவிய சில நாள்களிலேயே ஒரு முறையீடு எழுகிறது: எந்த மென்பொருளும் திறக்கப்படவில்லை, ஆயினும் விசிறி இரைகிறது, மையச் செயலியின் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. இதற்கு ‘அறிந்தவர்கள்’ தரும் அறிவுரை மூன்றே: மறுதொடக்கம் செய்க, மீண்டும் நிறுவுக, புதிய கணினி வாங்குக. மூன்றும் ஒரே அறிவுரையின் மூன்று விலைகள். காரணத்தைத் தேட வேண்டா என்பதே அவற்றின் பொதுப்பொருள்.

இவ்வறிவுரை தீங்கற்றதன்று. லினக்ஸில் ‘ப்ராக்’ என்னும் அடைவு வட்டில் இருப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயல்முறையின் நிலையையும் கெர்னல் அவ்வப்போது அதன் வழியே காட்டுகிறது. எந்தச் செயல்முறை, யார் பெயரில், எந்தக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு செயலியை உண்கிறது என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். மறுதொடக்கம் செய்த கணத்தில் அச்சான்று முழுவதும் அழிகிறது. நோயாளியைப் பரிசோதிக்காமல் உறங்கவைத்துவிட்டு, விழித்ததும் ‘குணமாயிற்று’ என்று அறிவிக்கும் மருத்துவத்தை எவரும் ஏற்கமாட்டார். கணினித்துறையில் அதற்குப் பெயர் அனுபவம்.

தேடுவது அப்படியொன்றும் அரிய கலையன்று. முனையத்தைத் திறந்து ‘டாப்’ என்னும் கட்டளையை இட்டால், செயலியை மிகுதியாகப் பயன்படுத்துவன மேலிருந்து கீழாக வரிசைப்படும். அங்கும் இரண்டு எண்கள் பலரை மருட்டுகின்றன. ஒரு செயல்முறைக்கு எதிரே 300 விழுக்காடு என்றிருந்தால் அது பழுதன்று. ஒரு கருவத்தின் முழு ஆற்றலே 100 என்பது அங்குள்ள கணக்கு. எனவே எட்டுக் கருவங்கள் உள்ள கணினியில் உச்சம் 800. அடுத்தது ‘சராசரிச் சுமை’. 1993இல் செய்யப்பட்ட ஒரு மாற்றம் முதல், செயலிக்காகக் காத்திருப்பவற்றோடு, வட்டுக்காக இடையூறின்றிக் காத்திருப்பவற்றையும் லினக்ஸ் அதில் சேர்த்தே எண்ணுகிறது. பழைய வட்டு தடுமாறும்போது செயலி சும்மா இருக்க, சுமை மட்டும் ஏறும். அதைக் கண்டு செயலியைக் குறைகூறிப் புதுக்கணினிக்கு விண்ணப்பம் எழுதுவது, கால்வலிக்குக் கண்ணாடி மாற்றுவதற்கு ஒப்பாகும்.

குற்றவாளிகளும் பெரும்பாலும் அறிமுகமானவர்களே. ஜினோம் திரைச்சூழலில் 2024 வரை ‘டிராக்கர்’ எனப் பெயர்பெற்றிருந்தது, கே.டி.இ.யில் ‘பாலூ’ ஆகிய அட்டவணையாக்கிகள் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தேடலுக்கு ஆயத்தம் செய்கின்றன. புதிதாக நிறுவிய கணினியில் இப்பணி தானே முடியும், முடியவிடுவதே தீர்வு. குறிப்பிட்டதொரு கோப்பில் சிக்கித் திரும்பத் திரும்ப முயல்கிறதெனில், அந்த அடைவை விலக்கிவைக்க வேண்டும். வரைகலைச் சில்லுக்கான இயக்கி சரியாக அமையாதபோது, திரையை வரையும் வேலை ‘எல்.எல்.வி.எம்.பைப்’ வழியாகச் செயலியின் தலையில் விழும். இயக்கியைச் சீர்செய்யாமல் நூறு முறை மீண்டும் நிறுவினாலும் பயனில்லை. ‘கே-வொர்க்கர்’ ஒன்று ஒரு கருவத்தை முழுமையாக விழுங்கினால், வன்பொருள் ஓயாமல் எழுப்பும் குறுக்கீடுகளை ஐயுறலாம். இவற்றிலெல்லாம் கொடியது வேறொன்று. கெர்னலின் ‘கே-டெவ்-டெம்ப்-எஃப்.எஸ்.’ என்னும் பெயரோடு ஓரெழுத்தைச் சேர்த்து ஒளிந்துகொண்டு, பிறருக்காக மறைநாணயம் தோண்டும் ‘கின்சிங்’ தீநிரலின் செயல்முறை அது. காலமுறைப் பணிப்பட்டியலில் தன்னைப் பதித்துக்கொள்வதால், மறுதொடக்கத்துக்குப் பின்னும் அது திரும்பி வரும்.

நோய் ஒன்றே போல் தோன்றினும் மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. இதை மறைக்கும் பொறுப்பில் திரைச்சூழல்களை உருவாக்குவோருக்கும் பங்குண்டு. கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தேடுவது நல்ல வசதி. அதைப் பற்றி முறையீடில்லை. பின்னணியில் பெரும்பணி நடக்கும்போது ‘அட்டவணை ஆயத்தமாகிறது’ என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி காட்டாத மௌனமே குற்றம். திறந்த மூலம் என்று பெருமை பேசுவோர், ஓடுவது இன்னதென்று சொல்லவும் கடமைப்பட்டவர்கள்.

‘காரணம் தெரிந்து என்ன பயன்?’ என்பாருக்கு 2024 மார்ச் மாதத்தைக் காட்டலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியனின் வளர்நிலைப் பதிப்பில் வேக அளவீடுகளுக்காகக் கணினியை அமைதிப்படுத்த முயன்றார். தவறான பயனர்பெயரால் உடனே தோற்க வேண்டிய எஸ்.எஸ்.எச். நுழைவு முயற்சிகள், செயலியை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதைக் கண்டார். நுழைவில் ஏறத்தாழ அரை நொடித் தாமதமும் இருந்தது. ‘பெர்ஃப்’ கருவியால் ஆராய்ந்தார். நேரம் ஒரு சுருக்க நூலகத்துக்குள் கரைந்தது. எந்தச் சார்பில் என்று கருவியாலும் பெயர் சொல்ல முடியவில்லை. தேடலின் முடிவில், எக்ஸ்.இசட். மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டுப் புதைக்கப்பட்ட பின்கதவு வெளிப்பட்டது. மார்ச் 29 அன்று அவர் அதை உலகறியச் செய்தார். அதன் தீவிரத்துக்கு வழங்கப்பட்ட மதிப்பெண் பத்துக்குப் பத்து. அன்று அவர் கணினியை அணைத்துத் திறந்துவிட்டு வேறு வேலை பார்த்திருந்தால், அக்கதவு நிலைப்பதிப்புகளுக்குள்ளும் நுழைந்திருக்கக்கூடும்.

மறுதொடக்கம் உண்மையிலேயே பலன் தந்த நிகழ்வும் உண்டு. 2012 சூலை 1, இந்திய நேரம் காலை 5.30 மணிக்கு உலகக் கடிகாரத்தில் ஒரு லீப் நொடி சேர்ந்தபோது, கெர்னலின் நேரங்காட்டிப் பிழையால் ஜாவா, மைஎஸ்க்யூஎல் முதலியன செயலிகளை விழுங்கின. மறுதொடக்கம் செய்தவர்கள் தப்பினர். காரணம் அறிந்தவர்களோ, எதையும் நிறுத்தாமல், தேதியை மீண்டும் ஒருமுறை பதித்தே சரிசெய்தனர். பிழை கெர்னலில் திருத்தப்பட்டதும் காரணம் அறியப்பட்டதால்தான்.

அவசரத்தில் மறுதொடக்கம் செய்வதை எவரும் தடுக்கவில்லை. அதற்குமுன் ‘டாப்’ காட்டும் திரையை ஒரு படம் பிடித்துவைக்க அரை நிமிடம் போதும். அறிவுரை கூறுவோர் முதலில் அப்படத்தைக் கேட்கட்டும். புதுக்கணினி கோரும் விண்ணப்பத்தோடு அதை இணைக்க வேண்டுமென ஆய்வகங்கள் விதிக்கட்டும். கண்டறிந்த பிழை உருவாக்குநருக்கு எழுதப்படட்டும். உள்ளே நடப்பதைப் பார்க்கும் உரிமையே லினக்ஸ் தரும் பெருங்கொடை. பார்க்க மறுப்பவருக்கு அது விலையில்லாத விண்டோஸ் மட்டுமே.